பாகான் டத்தோவுல அப்பா போட்டுக்கு ஃபோம் ஊத்துன அனுபவம்

மெல்பர்ன்லேர்ந்து மூணு வாரம் லீவுல மலேசியாவுல இருக்க ஊருக்குப் போனேன். அப்பா எஸ்டேட் வேலைய விட்டப்புறம் பேராக் ஆத்துல மீன் புடிக்க வாங்குன 14 அடி ஃபைபர் போட்டு ரெண்டு வருஷமா தென்னை மரத்தடியில கெடக்கு, தண்ணியில விட்டா ஒரு பக்கமா அமுங்குது, அத சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் பிளைட் ஏறணும்னு இருந்தேன்.

இந்த மாதிரி போட்டுல டெக்குக்கு, அதாவது மேல்தளத்துக்கு, அடியில மிதக்குறதுக்காக ஃபோம் இருக்கும். மொதல்ல போன பட்டறையில டெக்குல ஓட்டை போட்டு ஸ்ப்ரே கேன்ல வர்ற ஃபோம அடிச்சு விட்டுட்டாங்க, அரை நாள், 300 வெள்ளி (ரிங்கிட்). நாலு நாள் கழிச்சு கத்திய விட்டுப் பாத்தா உள்ள பிசுபிசுங்குது. கேன் ஃபோம் காத்துல இருக்க ஈரத்த இழுத்துத்தான் இறுகும், மூடுன எடத்துல ஆழமா அடிச்சா நடுவுல காயாது. காசு போனது கூடப் பரவால்ல, அதுல அப்பா தனியா ஆத்துக்குப் போவாரேன்னு நெனைக்கத்தான் வயிறு எரிஞ்சுச்சு.

அப்புறம் செம்பனை (பாமாயில் மரம்) காட்டு ரோட்டுல கொட்டாய் போட்டு வேலை பாக்குற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனோம். அவரு டெக்கையே அறுத்துத் தொறந்தாரு. ரொட்டி சைஸ்ல பழைய ஃபோம் துண்டு ஒண்ண கையில குடுத்தாரு, செங்கல் கனம், அமுக்குனா பழுப்புத் தண்ணி ஒழுகுது. “தம்பி, இத வச்சிக்கிட்டு மேல எத ஊத்துனாலும் வேஸ்ட்டு”ன்னாரு. எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டு ஆறு நாள் ஃபேன் போட்டுக் காய வச்சாரு, ஈரம் இருந்தா ஃபோம் சரியா வராதாம்.

ஊத்துனது ரெண்டு பார்ட் பாலியூரித்தேன், ரெண்டு திரவத்தக் கலந்தா ஃபோமா மாறும். ரெண்டையும் சம அளவு எடுத்து டிரில்லு போட்டு இருபது செகண்ட் கலக்கி உடனே ஊத்திரணும், ஒரு நிமிஷத்துக்குள்ள பொங்கல் பானை மாதிரி பொங்கி வருது, இருபத்தஞ்சு மடங்குக்குக் கிட்ட. வெயில்ல இன்னும் வேகமா பொங்கும்னு காலையில ஏழு மணிக்கே ஆரம்பிச்சாரு. ஒரே தடவையா ஊத்தல, கொஞ்சம் ஊத்தி, சூடு தணிஞ்சதும் அடுத்தது. காத்துப் போக வழி விடலன்னா டெக்கையே தூக்கிருமாம். ஒரு கன அடி ஃபோம் சுமாரா 27 கிலோவ மிதக்க வைக்கும், அதனால ஒரு மூலையையும் விடல.

ஒரே ஒரு கொறை, கூட வேலை செஞ்ச பையனுக்கு மாஸ்க்கு இல்ல. அந்தத் திரவத்துல இருக்க ஐசோசயனேட்டுங்கற ரசாயனத்தோட ஆவி நுரையீரலுக்கு ஆகாது, நானே டவுனுக்குப் போய் ஃபில்டர் மாஸ்க்கும் கிளவுஸும் வாங்கியாந்து குடுத்தேன்.

மொத்தம் ஒம்பது நாள், 850 வெள்ளி. டெக்க மூடுறதுக்கு முன்னாடி எங்களக் கூப்பிட்டுக் காட்டுனாரு. அப்பா கட்டைவிரலால அங்கங்க அழுத்திப் பாத்தாரு, எங்கயும் குழியல. “சரி, மூடுப்பா”ன்னாரு.