கடலோர வீட்டுக்கு எந்த விரிப்பு?

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சணல் விரிப்பை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பார்க்க அழகு, காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் அடிப்பக்கம் பூசணம் பூத்து மக்கல் வாடை அடிக்கும். சிசல் எனும் கற்றாழை வகை நார் விரிப்பு உறுதியானது, ஆனால் தண்ணீர் சிந்தினாலே கறை படியும்.

கூடத்துக்குத் தேங்காய் நார் விரிப்புதான் சரி. அந்த நாரில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சுமார் 40 சதவீதம் இருப்பதால் எளிதில் மட்காது. சொரசொரப்பு உண்டு, தவழும் குழந்தை இருந்தால் யோசிக்க வேண்டும். வாங்கும்போது கட்டாயம் திருப்பிப் பாருங்கள். அடியில் ரப்பர் அல்லது பிவிசி பூச்சு இருந்தால் வேண்டாம்; தரைக்கும் பூச்சுக்கும் நடுவே ஈரம் சிக்கி, மேலே தெரியாமலே கெட்டுப்போகும். இரு பக்கமும் நெசவு தெரிவதையே எடுங்கள்.

படுக்கையறைக்குப் பத்தமடைக் கோரைப்பாய் அருமை. மடித்தால் கோரை முறியும், சுருட்டி நிறுத்தி வையுங்கள். துவைத்தே ஆக வேண்டிய இடத்துக்குப் பருத்தி ஜமுக்காளம்.

நார் விரிப்பை ஈரத்துணியால் துடைக்காமல் தட்டி உதறி, இரு பக்கமும் வெயில் காட்டுங்கள். தரை வியர்க்கும் நாட்களில் எடுத்துக் கொடியில் போட்டுவிடுங்கள்.