டோயோ லேசர் 56: அலாஸ்கா லாட்ஜ் கேபினுக்கு ஏற்ற ஹீட்டரா?

அலாஸ்காவின் உட்பகுதியில் சாலை போகாத இடத்து லாட்ஜுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பருவம்தான் வருமானம். கோடையில் மீன்பிடிக்க ஆட்கள் வருவார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வடதுருவ ஒளி பார்க்க வருவார்கள். இடைப்பட்ட காலத்தில் ஏரி உறைந்துகொண்டோ உடைந்துகொண்டோ இருக்கும்; மிதவை விமானமும் இறங்காது, சறுக்குக் கட்டை மாட்டிய விமானமும் இறங்காது. நடுக்குளிர்காலத்தில் விருந்தாளிகளைக் கூப்பிடப் பலரும் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1971 ஜனவரி 23 அன்று இந்தப் பகுதியின் ப்ராஸ்பெக்ட் க்ரீக் முகாமில் மைனஸ் 62 டிகிரி பதிவானது. அமெரிக்காவின் குளிர் சாதனை இன்றும் அதுதான்.

விருந்தாளி கேபினில் என்ன ஹீட்டர் வைப்பது என்பதை இந்தக் காலண்டர்தான் தீர்மானிக்கிறது. ஜப்பானின் டோயோடோமி நிறுவனத்து, மண்ணெண்ணெயில் எரியும் லேசர் வரிசை ஹீட்டர்கள் அலாஸ்கா கிராமங்களில் அவ்வளவு சகஜம். பெயரைச் சுருக்கி ‘டோயோ’ என்றே சொல்கிறார்கள். சிறிய கேபின்களுக்கு ஏற்றது இதில் லேசர் 56.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆள் தூங்கும் கேபினுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். ஆனால் இது எண்ணெய் குடிக்கும் அடுப்பு என்பதைவிட மின்சாரம் இல்லாமல் அசையாத இயந்திரம் என்பதே உண்மை. விறகடுப்புக்கு மாற்று என்று மட்டும் நினைத்து வாங்குகிறவர்கள் முதல் குளிர்காலத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

விறகடுப்பில் குறை அடுப்பிடம் இல்லை, விருந்தாளியிடம்தான். காற்றுத் தடுப்பை எவ்வளவு திறப்பது, எப்போது கட்டை போடுவது என்று வெப்ப நாட்டிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. வெளியே மைனஸ் 35 இருக்கும்போது அதிகாலை மூன்று மணிக்கு நெருப்பு அணைந்தால், லாட்ஜ் ஆள்தான் ஒவ்வொரு கேபினாகப் போய்ப் பற்றவைக்க வேண்டும். டோயோவில் வெப்ப அளவைக் குறித்துவிட்டால் தானே ஏறி இறங்கும். குழாய்க்குள் குழாயாகச் சுவர் வழியே ஒரே புகைக்குழல் போகிறது. உள்குழாயில் புகை வெளியேறும், வெளிக்குழாயில் எரிவதற்கான காற்று உள்ளே வரும். அறைக் காற்றை அது தொடுவதே இல்லை, கூரையில் ஓட்டை போடும் வேலையும் இல்லை. மண்ணெண்ணெய் ஹீட்டர் என்றதும் நம்மவர்களுக்குப் பம்ப் ஸ்டவ் வாசனை நினைவுக்கு வரும். இதில் அந்த வாசனை துளியும் வரக்கூடாது. வந்தால் இணைப்பு எங்கோ கசிகிறது என்று பொருள். கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்படியும் வேண்டும். அதற்கு லித்தியம் செல் போடுங்கள், சாதாரண செல் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

அளவு விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். லேசர் 56 உச்சத்தில் மணிக்கு 22,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) தரும், ஏறக்குறைய 6.4 கிலோவாட். 16 அடிக்கு 20 அடி கேபின், நல்ல இன்சுலேஷன் என்றால் இது போதும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 40,000 பிடியு தரும் லேசர் 73-ஐ மாட்டினால், அது நாள் முழுக்கக் குறைந்த தீயிலேயே ஓடும். குறைந்த தீயில் எண்ணெய் முழுதாக எரியாமல் எரிகலத்தில் கரி படியும், பிறகு பற்றவே அடம்பிடிக்கும். சரியான அளவு ஹீட்டரையும் அவ்வப்போது அரை மணி நேரம் உச்சத் தீயில் ஓடவிடுவது நல்லது.

எண்ணெய்க் கணக்கு: உச்சத்தில் மணிக்குச் சுமார் 0.6 லிட்டர், குறைந்த தீயில் 0.23 லிட்டர். கடுங்குளிர் நாளுக்கும் மார்ச் மாத வெயில் நாளுக்கும் சராசரி பார்த்து நாளுக்கு 9 லிட்டர் என்று வைத்தால், 55 நாள் பருவத்துக்குக் கேபினுக்கு 500 லிட்டர். நான்கு கேபினுக்கு 2,000 லிட்டர், அதாவது 208 லிட்டர் டிரம் பத்து. நிரம்பிய டிரம் ஒன்று 185 கிலோவை ஒட்டி வரும். பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் சரக்குச் சறுக்குவண்டி கட்டி, நடைக்கு இரண்டு டிரம் இழுத்தால் ஐந்து நடை. இந்த வேலைக்கு உகந்த மாதம் மார்ச். பகல் நீளம், பனிக்கட்டி தடிமன், குளிர் தாங்கும்படி இருக்கும். எனவே அடுத்த பிப்ரவரியில் எரிக்கும் எண்ணெய் இந்த மார்ச்சிலேயே வந்து சேர வேண்டும். தள்ளிப்போட்டால் நதி காத்திருக்காது. அலாஸ்காவின் நெனானா ஊரில் டனானா நதியின் பனிக்கட்டி உடையும் நிமிடத்தை வைத்து 1917 முதல் பந்தயம் நடக்கிறது. பெரும்பாலான வருடங்களில் ஏப்ரல் கடைசிக்கும் மே நடுவுக்கும் இடையே உடைந்துவிடுகிறது. பாதை சகதியாவது அதற்கும் முன்பே.

வாங்க வேண்டியது மண்ணெண்ணெய் அல்லது அதைப் போல இலகுவான நம்பர் 1 எரியெண்ணெய் மட்டும். சாதாரண டீசல் போன்ற நம்பர் 2 விலை குறைவுதான். ஆனால் மைனஸ் 10, 15-லேயே அதில் மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும்.

பொருத்துவதில் கவனம் கேட்பது ஹீட்டரைவிட வெளியே இருக்கும் தொட்டி. எண்ணெய் தன் எடையாலேயே இறங்கி வருவதால், தொட்டியின் அடிப்பாகம் ஹீட்டரின் எண்ணெய் வாயைவிட நிச்சயம் மேலே இருக்கும்படி தாங்கி கட்ட வேண்டும். செம்புக் குழாய் ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் மேடு இருந்தால் காற்று அடைக்கும். தொய்வு இருந்தால் தண்ணீர் தங்கி உறையும். எண்ணெயில் தண்ணீரா என்று கேட்கலாம். பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் ஈரக்காற்று வியர்த்து அடியில் சேர்வதுதான் அது. ‘எண்ணெய் கெட்டுப்போச்சு’ என்ற புகாரில் நிறைய இந்தத் தண்ணீர்தான். கோடையில் தொட்டியை நிரப்பியே வைப்பதும், நீர் பிரிக்கும் வடிகட்டியைக் கேபினுக்குள் வைப்பதும் போதுமான மருந்து.

புகைக்குழலைக் கூரை சரியும் பக்கத்தில் வைக்கவே கூடாது. தகரக் கூரைப் பனி மொத்தமாகச் சரிந்தால் குழலை மூடிவிடும். தொட்டியும் அதே பக்கம் இருந்தால் வால்வை முறித்து, முழு எண்ணெயையும் தரையில் கொட்டிவிடும். முக்கோணச் சுவர்ப் பக்கம், எதிர்பார்க்கும் பனிமட்டத்துக்கு அரை மீட்டர் மேலே, காற்று பனியைக் குவிக்காத இடம். அப்படி வைத்தாலும் பனிப்புயலுக்குப் பிறகு மண்வாரியுடன் ஒரு சுற்று வரத்தான் வேண்டும்.

இனி மின்சாரம். பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 280 வாட் அளவு இழுக்கும், எரியும்போது 50 வாட்டைச் சுற்றி. கேட்க அற்பம். ஆனால் ஒரு கேபினுக்கு நாளுக்கு 1.2 கிலோவாட் மணி வரை, நான்குக்கும் 4.8. பன்னிரண்டு வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பதே 1.28 கிலோவாட் மணிதான், அதாவது ஒரு கேபினின் ஒரு நாள். அந்த லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். எனவே ஆள் தங்கும் சூடான அறையில் வைக்க வேண்டும். சோலார் மார்ச்சில் பனியின் பிரதிபலிப்போடு நன்றாகத் தரும், டிசம்பரில் சும்மா நிற்கும். ஆகவே ஜெனரேட்டர் தினமும் மூன்று நான்கு மணி நேரம் ஓடியாக வேண்டும். இன்வெர்ட்டர் பியூர் சைன் வேவாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு கோளாறு செய்யும், போர்டு போனால் ஹீட்டரே போன மாதிரி.

எரியும்போது பிளக்கைப் பிடுங்கக் கூடாது. அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் ஓடி எரிகலத்தைக் குளிர்விக்கும். இரவில் பேட்டரி தீர்ந்துபோவதும் பிளக்கைப் பிடுங்குவதும் ஹீட்டருக்கு ஒன்றுதான். இதனால்தான் ஒவ்வொரு கேபினிலும் சின்ன விறகடுப்பு ஒன்று கூடவே வேண்டும் என்கிறேன். செலவு இரட்டிப்பு என்று முணுமுணுப்பவர்கள், மைனஸ் 40-இல் மின்சாரம் போன இரவை நினைத்துப் பார்க்கட்டும்.

விருந்தாளிகளிடம் சொல்ல வேண்டியது ஒன்றே: ஈர சாக்ஸை ஹீட்டர் மேல் உலர்த்தாதீர்கள். வெப்பக்காற்று வாய் மூடினால் சூடு மிஞ்சிப் பாதுகாப்பு அமைப்பு அணைத்துவிடும், திரையில் பிழைக் குறி வரும். உலர்த்த ஆணி அடித்துக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

பருவம் முடிந்ததும் தொட்டி வால்வை மூடி, எரிகலக் கரியைச் சுரண்டி, பின்பக்க விசிறி வலையைத் தூசி தட்டி, புகைக்குழல் வாயில் கம்பி வலை கட்டுங்கள். இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும். அந்த வலையைப் பிப்ரவரியில் மறக்காமல் அவிழ்க்க ஹீட்டர் பொத்தான் மேலேயே சீட்டு ஒட்டிவிடுங்கள். திறக்கும்போது விருந்தாளி வரும் நாளுக்கு முந்தைய நாளே ஏற்றிவிட வேண்டும். காற்று இரண்டு மணி நேரத்தில் சூடானாலும் மெத்தையும் மரச்சுவரும் இளக ஒரு நாள் பிடிக்கும்.

உதிரிப் பாகத்தில் எண்ணெயைப் பற்றவைக்கும் சின்ன மின்சூடேற்றி, எரிகலத்துக்குள் போடும் விரிப்பு, வடிகட்டி மூன்றும் கையிருப்பில் இருக்கட்டும். வசதி இருந்தால் நான்கு கேபினுக்கு ஐந்தாவதாக முழு ஹீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். கோளாறானதைக் கழற்றி, நல்லதை மாட்டிவிட்டு, பழுதானதைச் சமையலறை மேசையில் வைத்து நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.