மண்ணை மூடக் கெடு: மேற்கு வாஷிங்டனும் கிழக்கு வாஷிங்டனும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டுமானத் தள விதிகளுக்குக் கேஸ்கேட் மலைத்தொடர்தான் எல்லைக்கோடு. மேற்கே, அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, வேலை நடக்காமல் திறந்து கிடக்கும் மண்ணை மழை அரிக்காதபடி 2 நாளைக்குள் மூடிவிட வேண்டும். மற்ற மாதங்களில் 7 நாள். கிழக்கே அந்தக் கண்டிப்பான காலம் ஜூன் 30 வரை நீளும், ஆனால் கெடு 5 நாள், கோடையில் 10. (வறண்ட நடுப்படுகைக்கு இன்னும் தளர்வு உண்டு.)

மேற்குக் கெடுதான் ஆளை நெருக்கும். வைக்கோலும் பிளாஸ்டிக் விரிப்பும் முன்கூட்டியே தளத்தில் இருந்தாக வேண்டும். மழை பிடித்த பிறகு ஆர்டர் போட்டுப் பயனில்லை. வைக்கோலை 2, 3 அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். மெல்லிசாகத் தூவினால் கிழக்குப் பகுதியின் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

வெளியேறும் நீரின் கலங்கலுக்கு இரு பக்கமும் ஒரே அளவுதான்: 25 என்டியு (NTU, நீரின் கலங்கலை அளக்கும் அலகு) தாண்டினால் தடுப்புகளைச் சரிசெய்ய வேண்டும், 250 எட்டினால் 24 மணி நேரத்துக்குள் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். அளவு எகிறினால் முதலில் வண்டல் வேலியின் (சேற்றைத் தடுக்கத் தள ஓரத்தில் நிறுத்தும் துணி வேலி) அடியைப் பாருங்கள். துணியை 4 அங்குலப் பள்ளத்தில் புதைத்து மண்ணை இறுக்காவிட்டால், வேலி நிமிர்ந்தே நிற்கும். சேறு அதன் அடிவழியே ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.