இரண்டு அங்குல ஒயரும் காருக்குறிச்சியார் நாயனமும்: டைப்-சி அடாப்டரோடு இரண்டு வருடம்

நேற்று சாயங்காலம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் என் அடாப்டருக்கு, அதாவது போனின் டைப்-சி சார்ஜ் ஓட்டையில் ஹெட்போனை மாட்ட உதவும் சின்ன ஒயருக்கு, ஈயம் வைத்து வாங்கிக்கொண்டு வந்தேன். கூலி 60 ரூபாய். ரயிலைப் பிடித்து அம்பாசமுத்திரம் வந்து சட்டையைக் கழற்றவில்லை, அக்கா மகன் போன் செய்தான். புதுப் போன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறானாம், அதில் ஹெட்போன் ஓட்டை இல்லையாம். "மாமா, நீங்க ஒரு கன்வெர்ட்டர் மாட்டிருப்பியள்லா, அது நல்லாருக்கா? அத நம்பி இந்தப் போன வாங்கலாமா?" என்று கேட்டான்.

நல்லாருக்கா என்பதற்கு ஒரு பதிலும் வாங்கலாமா என்பதற்கு வேறொரு பதிலும் என்னிடம் இருக்கிறது. போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஹெட்போனைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடெல்லாம் அதற்காகத்தான். என் அண்ணன் மைக்செட் வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்று சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போவார். மிக்சர் வாங்கியபோது அதோடு சேர்த்து வாங்கிய ஹெட்போன் இது. மின்தடை 63 ஓம். சுருள் சுருளாக இருக்கும் ஒயர், இழுத்தால் மூன்று மீட்டர் வரும். நுனியில் 6.35 மி.மீ. பெரிய பின், அதைத் திருகிக் கழற்றினால் உள்ளே 3.5 மி.மீ. சின்னப் பின். அண்ணன் தொழிலை விட்டபோது ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர் எல்லாம் விற்றுவிட்டார், இதை மட்டும் என்னிடம் கொடுத்தார். காதில் படும் பஞ்சு உறையை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். மற்றபடி வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. இதைத் தூரப் போட்டுவிட்டு ப்ளூடூத் வாங்கு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

அந்தப் பெரிய பின் 19ஆம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்பு மாற்றிக் கொடுப்பதற்காக வந்த பின். சின்னது 1979இல் வந்த வாக்மேனோடு உலகமெல்லாம் பரவியது. மிக்சர், டேப், ரேடியோ, கம்ப்யூட்டர் என்று எதில் செருகினாலும் ஒரே அளவு. இப்படி நூறு வருடத்துக்கு மேல் யாரிடமும் அனுமதி கேட்காமல் வேலை செய்த ஒரு பொருளை 2016 செப்டம்பரில் ஐபோன் 7 வந்தபோது ஆப்பிள் எடுத்துவிட்டது. அப்போதாவது பெட்டிக்குள் ஒரு அடாப்டர் வைத்துக் கொடுத்தார்கள். 2018இல் அதையும் நிறுத்தினார்கள். மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. தண்ணீர் புகாது, இடம் மிச்சம் என்று காரணம் சொல்கிறார்கள். எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை, இன்றைக்கும்.

சரி, அடாப்டருக்கு வருகிறேன்.

முதலில் வாங்கியது 120 ரூபாய். செருகினால் சத்தமே இல்லை. போன் பழுதா, ஹெட்போன் பழுதா என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். இரண்டும் இல்லை. இந்த அடாப்டரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் வெறும் ஒயர்தான் இருக்கும். போனே பாட்டை மின் அலையாக மாற்றி டைப்-சி வழியாக வெளியே விட்டால்தான் அது வேலை செய்யும். நிறைய போன்கள் அப்படி விடுவதில்லை. இன்னொன்றில் டைப்-சி முனைக்குள்ளேயே டி.ஏ.சி. என்று ஒரு சில்லு இருக்கும். போன் தரும் எண்களை அதுவே ஒலியாக மாற்றிக்கொள்ளும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அட்டையிலும் பெரும்பாலும் எழுதியிருக்காது. கடையில் டைப்-சி உள்ள லேப்டாப் இருந்தால் அதில் செருகச் சொல்லுங்கள். புதிதாக ஒரு ஆடியோ சாதனம் வந்திருக்கிறது என்று லேப்டாப் காட்டினால் உள்ளே சில்லு இருக்கிறது. காட்டாவிட்டால் வெறும் ஒயர், திருப்பிக் கொடுத்துவிடலாம். சில போன்களில் செட்டிங்ஸில், வெளிச் சாதனங்களை இணைப்பதற்கான ஓ.டி.ஜி. என்று ஒன்றை முதலில் ஆன் செய்யவும் வேண்டும். அது கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாக ஆஃப் ஆகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல அடாப்டரைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

இரண்டாவது 350 ரூபாய். உள்ளே சில்லு உள்ளது. இதைத்தான் இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன்.

முதல் நாள் காலை ரயிலில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து செருகினேன். நாதஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலம் அவர்களின் நாயனம், பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவு. இந்தப் பதிவை நான் எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன். என் பழைய போனில் ஹெட்போன் ஓட்டை இருந்தது, ஆனால் சத்தத்துக்கு அடியில் மெல்லிய 'சர்ர்' ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். சார்ஜில் போட்டால் அது இரண்டு மடங்காகும். இதில் அது அறவே இல்லை. நாயனத்துக்குச் சுருதி பிடிக்கிற ஒத்து ஒரு கோடு மாதிரி நிற்கிறது. தவிலில் வலந்தலையில் விரல்கூடு படுவதும் தொப்பியில் குச்சி விழுவதும் தனித்தனியாகக் கேட்கிறது. ஒரு பிடி வாசித்து முடித்து அடுத்ததற்கு அவர் மூச்சு இழுக்கிற இடம் ஒன்று உண்டு. அது இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 1964இல் காலமான மனிதர். வீரவநல்லூர் தாண்டி வண்டி காருக்குறிச்சி ஸ்டேஷனில் நிற்கிறது, அவர் மூச்சு என் காதில் கேட்கிறது. 350 ரூபாய்க்கு இதற்கு மேல் நான் என்ன கேட்க முடியும்? வால்யூம் முக்கால் வைத்தாலே நாயனத்துக்குப் போதும். பேச்சு, வீணைக் கச்சேரி என்றால் முழுதாக வைக்க வேண்டியிருக்கிறது, 63 ஓம் ஹெட்போனைத் தள்ள அந்தச் சின்னச் சில்லு அவ்வளவு பலம் காட்டவில்லை. அது குறை என்று நான் எழுத மாட்டேன்.

எட்டாவது மாதம் வந்தது அந்த வியாதி.

ஒரு நாள் சினிமாப் பாட்டு ஒன்று போட்டேன். வயலின் கேட்கிறது, எதிரொலி கேட்கிறது, பாடுகிறவரைக் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல ஒரு சாயல் மட்டும். பாட்டு இறக்கியதில் கோளாறு என்று நினைத்தேன். அடுத்து காருக்குறிச்சியாரைப் போட்டேன். நாயனம் போய்விட்டது! தட்டின் கீறல் சத்தம், 'பொரபொர' என்று, அது மட்டும் அப்படியே இருக்கிறது. வயிற்றில் சங்கடம் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்க் கொடையில் நானே போனில் பிடித்த வில்லுப்பாட்டு ஒன்று இருக்கிறது, பாடிய அண்ணாவி இப்போது இல்லை. அதைப் போட்டால் ஒன்றுமே இல்லை, வெறும் அமைதி. மெமரி கார்டு போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். இரண்டு வாரம் அந்தப் பதிவுகளை வேறு கார்டுக்கு மாற்றுவதும் திரும்ப இறக்குவதுமாகக் கழிந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டால் சரியாகப் பாடுகிறது, போனில் மறுபடி மாயம்.

கடைசியில் சர்வீஸ் கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, பாட்டுல பழுதில்ல. எர்த்து ஒயரு அத்துப்போச்சு."

விஷயம் இதுதான். பின்னின் நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு, அடிப்பாகம் இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பி வருகிற வழி. அந்தப் பொது வழி அறுந்தால் மின்சாரம் திரும்ப வேறு வழி இல்லாமல் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகப் பார்க்கும். ஒரு கதவை இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஒரே பலத்தில் தள்ளினால் கதவு அசையுமா? அதேதான். இரண்டு காதுக்கும் சமமாக வருகிற சத்தம் செத்துவிடும், வித்தியாசமாக வருவது மட்டும் மிஞ்சும். சினிமாப் பாட்டில் பாடகர் குரலை நடுவில் வைத்திருப்பார்கள், அது போயிற்று. ஓரத்து வயலின் நின்றது. நாயனம் பழைய ஒற்றைத் தடப் பதிவு, இரண்டு காதுக்கும் ஒரே சத்தம், அது முழுசாகப் போயிற்று. தட்டிலிருந்து எடுக்கும்போது ஏறிய கீறல் இரண்டு பக்கமும் வேறு வேறு, அதனால் அது மட்டும் தப்பித்தது. வில்லுப்பாட்டு என் போனின் ஒரே மைக்கில் பிடித்தது, மிஞ்ச ஒன்றுமே இல்லை.

பாட்டில் குரல் காணாமல் போனால் போனையோ கார்டையோ சந்தேகப்பட வேண்டாம். பின்னை அரைச் சுற்று திருகிப் பாருங்கள், அல்லது ஒயரின் கழுத்தை லேசாக மடக்கிப் பாருங்கள். குரல் வந்து வந்து போனால் எர்த்துதான். இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால் அந்த இரண்டு வாரம் மிச்சம்.

கடைக்காரர் பிளேடால் கழுத்து ரப்பரைக் கீறிக் காட்டினார். உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் முடி கனத்துக்கு இழைகள், கூடவே நூல். அந்த நிறம் என்பது இழை மேல் பூசிய வார்னிஷ். அதை எரிக்காமல் ஈயம் ஒட்டாது. சூடான இரும்பை ஈயத்தோடு இழையில் வைத்துக்கொண்டே இருந்தார், சின்னப் புகை வந்தது, சிவப்பு கருத்து வெள்ளியாகியது. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மீட்டர் சுருள் ஒயரின் கனம், ரயில் ஆட்டம், என் தலைத் திருப்பம் எல்லாம் இந்த முடியில்தான் வந்து விழுகிறது. ஒயரின் நீளம் இரண்டு அங்குலம் கூட வராது. இதைச் செய்தவர்கள் கழுத்தில் இன்னும் கொஞ்சம் கனமாக ரப்பர் வைத்திருந்தால், ஐந்து ரூபாய் கூடுதலாகக் கேட்டிருந்தால், சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். அவ்வளவு நல்ல சில்லைப் போட்டுவிட்டு அதைத் தாங்கும் ஒயரில் கைவிட்டுவிட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

அதன் பிறகு நான் செய்தது: பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு பட்டை வெட்டி, ஹெட்போன் ஒயரை ஒரு மடிப்பு மடித்து, போன் உறையோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். கனம் உறையில் விழும், கழுத்தில் விழாது. போனைச் சட்டைப் பையில் தலைகீழாக வைத்துக்கொள்வேன், டைப்-சி மேலே பார்த்திருக்கும். அப்படித்தான் இன்னொரு பதினாறு மாதம் ஓடியது. போன வாரம் இடது காது போயிற்று. இந்தத் தடவை அறுந்தது மறுமுனைக் கழுத்து, சில்லு இருக்கிற பக்கம். அதற்குத்தான் நேற்றைய 60 ரூபாய்.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் போட்டுக்கொண்டு கேட்க முடியாது, இருப்பது ஒரே ஓட்டை. சும்மா செருகி வைத்திருந்தாலே கொஞ்சம் சார்ஜ் குடிக்கிறது, கேட்டு முடித்ததும் உருவிவிட வேண்டும். என் ஹெட்போனில் மைக் கிடையாது, ஆனால் அடாப்டர் தன்னிடம் மைக் இருப்பதாகப் போனிடம் சொல்லிவிடுகிறது. அதனால் போன் வந்தால் நான் பேசுவது எதிரில் இருப்பவருக்குக் கேட்காது, உருவிவிட்டுத்தான் பேசுகிறேன். போனில் எஃப்.எம். இருக்கிறது, அதற்கு ஹெட்போன் ஒயர்தான் ஆன்டெனா. இந்த அடாப்டர் வழியாக அது எடுக்கவில்லை. திருநெல்வேலி வானொலியைக் காலையில் கேட்டுப் பழகியவனுக்கு அது ஒரு இழப்புதான். அப்புறம், ரயிலில் யாராவது இடித்து அடாப்டர் கழன்றால் பாட்டு நின்றுவிடுகிறது, ஸ்பீக்கரில் அலறுவதில்லை. அது நல்ல விஷயம்.

ஆகவே மருமகனே, நல்லாருக்கா என்றால், நான் கேட்டதிலேயே சுத்தமான சத்தம் இதில்தான். வாங்கலாமா என்றால், வாங்காதே. ஓட்டை உள்ள போனாகப் பார்த்து வாங்கு. விலை குறைந்த போன்களில் இன்னும் வருகிறது. கேமரா கொஞ்சம் கம்மியாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. உன் போனோடு வருகிற எந்த விலையுயர்ந்த வசதியையும் ஒரு முடி கனத்து எர்த்து ஒயரில் தொங்கவிடாதே. நேற்றுக் கடையில் உட்கார்ந்திருந்த கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

இல்லை, அந்தப் போன்தான் வேண்டும் என்று நீ நின்றால், ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. இதே அடாப்டர் இன்னொன்று பிரிக்காமல் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போ. சைக்கிள் ட்யூப் நானே கட்டித் தருகிறேன். கட்டுகிற வரைக்கும் என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த மூச்சு இழுக்கிற இடத்தைக் கேட்டுப் பார்.