ஜெர்மனியா, ஆஸ்திரேலியாவா, கனடாவா? ஒரு பட்டறைக்காரனின் விசா கணக்கு

என் அக்கா மகனுக்கு வயது 31. பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கோயமுத்தூர் கணபதியில் பம்பு பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சிஎன்சி பட்டறையில் ஆறு வருஷமாக இருக்கிறான். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான். "வெளிநாட்டுக்குப் போயிரலாம்னு இருக்கறனுங்க மாமா. எங்க போறதுன்னுதான் தெரீல." ஏற்கெனவே ஒரு கன்சல்டன்சியில் முன்பணம் கட்டிவிட்டு வந்திருந்தான். அவர்கள் கனடா என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவத்துக்குப் புள்ளி போட்டுத்தானே அங்கே ஆள் எடுக்கிறார்கள், அவன் புள்ளியைக் கூட்டிப் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லையாம்.

பிரிட்டனை முதல் ராத்திரியே தள்ளிவிட்டோம். 2025 ஜூலைக்குப் பிறகு பொதுவான சம்பள வரம்பே ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அதைக் கொடுத்துக் கூப்பிட அங்கே ஒரு முதலாளி வேண்டும். மிச்சம் மூன்று நாடு.

கனடாவைக் கூட்டினோம். அவர்கள் ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மொத்தம் 1,200 புள்ளி. வயது 31 என்றால் 99, நாலு வருஷ டிகிரிக்கு 120, ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை நன்றாக எழுதினால் 124, அனுபவமும் படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்து தருவது 75. ஆக 418. விண்ணப்பிக்கச் சொல்லிக் கூப்பிடும் பொது அழைப்புகள் கடைசியாக நடந்தபோது 500-க்கு மேலேயே நின்றன. முன்பு வேலை உத்தரவு இருந்தால் 50, சிலருக்கு 200 என்று சேர்த்தார்கள். 2025 மார்ச் 25 முதல் அதுவும் இல்லை. ஆண்டுக்கு எத்தனை பேரை எடுப்பது என்ற இலக்கையும் குறைத்துவிட்டார்கள். எங்கள் கண்ணில் பட்ட சந்து, பிரெஞ்சு. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று நடக்கும் தனிச் சுற்று 2025 மார்ச்சில் 379-க்கு வந்தது. ஆனால் அதற்கு வேண்டிய அளவு பிரெஞ்சை, ஷிஃப்ட் முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும் பையன் எத்தனை வருஷத்தில் படிப்பான்? அதற்குள் வயதுப் புள்ளி வருஷம் ஐந்தாறாகக் கரைந்துகொண்டே போகும்.

ஆஸ்திரேலியா கணக்கு வேறு மாதிரி. 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. 33-வது பிறந்தநாள் அன்றைக்கு அது 25 ஆகிவிடும். டிகிரிக்கு 15, ஐந்து வருஷத்துக்கு மேல் அனுபவத்துக்கு 10, ஆங்கிலத்தில் எல்லாப் பிரிவிலும் 8 வாங்கினால் 20, 7 என்றால் 10. கலியாணம் ஆகாதவனுக்கு ஒரு 10. (அக்கா ரெண்டு வருஷமாக ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த 10 புள்ளியைக் கேள்விப்பட்டதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.) ஆக 75 அல்லது 85. விண்ணப்பிக்க 65 போதும் என்பது உண்மைதான், அழைப்பு வர அது போதாது. 491 என்ற விசாவில் ஒரு மாநிலம் கைகாட்டினால் 15 கூடும். நிரந்தர விசா இல்லை, ஐந்து வருஷத்துக்கானது. மூன்று வருஷம் நகரத்துக்கு வெளியே இருந்து, வேலை செய்து வரி கட்டினால் நிரந்தரத்துக்குக் கேட்கலாம். 'நகரத்துக்கு வெளியே' என்றதும் பையன் பொட்டல்காடு என்று நினைத்துவிட்டான். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றும் நீங்கலாகக் கிட்டத்தட்ட எல்லாமே அந்தக் கணக்கில் வரும். பெர்த்தும் அடிலெய்டும்கூட.

ஜெர்மனிக்கே போய் வேலை தேட அனுமதிக்கும் வாய்ப்பு அட்டை, சான்சென்கார்ட்டே, 2024 ஜூன் 1-ல் வந்தது. டிகிரி ஜெர்மன் டிகிரிக்கு நிகர் என்று முழுதாக ஒத்துக்கொள்ளப்பட்டால் புள்ளியே எண்ண வேண்டாம். இல்லாவிட்டால் 6 புள்ளி. பட்டறையில் அவனோடு நிற்கும் டிப்ளமோக்காரப் பையன் ஒருத்தனுக்கும் சேர்த்துப் பார்த்தோம்: 35 வயதுக்குள் 2, கடைசி ஏழு வருஷத்தில் ஐந்து வருஷம் அதே துறையில் வேலை செய்திருந்தால் 3, ஜெர்மன் ஏ2 (ஏ1, ஏ2, பி1 என்று ஏறும் மொழி நிலைகளில் ரெண்டாவது) படித்தால் 1. சரியாக 6. அரசு அங்கீகரித்த, குறைந்தது ரெண்டு வருஷத் தொழிற்படிப்பாக இருந்து, அதற்கு ஜெர்மனியில் சான்று வாங்கிவிட்டால் போதும். பாலிடெக்னிக், ஐடிஐ படித்தவனையும் ஒரு ஆளாக மதித்துக் கணக்கில் எடுப்பது இந்த மூன்றில் ஜெர்மனிதான் என்று எனக்குப் படுகிறது. அந்தக் காலத்து ஜி.டி. நாயுடுவிலிருந்து திருப்பூர் நிட்டிங் மிஷின் வரைக்கும் நமக்கும் அந்த ஊருக்கும் பழக்கம் உண்டே என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "மிஷினு வாரதும் பையன் போறதும் ஒண்ணாடா தம்பி?" என்றாள்.

அவள் கேட்டதில் விஷயம் இருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா விண்ணப்பம் போட்டவன் காத்திருப்பது இங்கே. மாசச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அம்மா சோற்றைத் தின்றுகொண்டு. அழைப்பு வராவிட்டால் போனது பரீட்சைக் காசும் மதிப்பீட்டுக் காசும்தான். வாய்ப்பு அட்டைக்காரன் காத்திருப்பது அங்கே. ஒரு வருஷம் டைம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலைக்கு அனுமதி, அதற்குள் துறை வேலை கிடைக்க வேண்டும். கிடைத்தால் வேகம்தான்: ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி வாங்கி, ஜெர்மன் பி1 முடித்தால் 21 மாதத்தில் நிரந்தரம் கேட்கலாம். பொறியாளர் வேலைக்கு அந்தக் கார்டு கிடைக்க 2025 கணக்கில் ஆண்டுக்கு 43,759 யூரோவுக்கு மேல் சம்பளம் வேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் வேலையையும் விட்டு, சேமிப்பையும் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஏ1 ஜெர்மனோடு சின்ன ஊர்ப் பட்டறையில் போய் நின்றால் மேஸ்திரி சொல்வது புரியாது. சட்டம் ஏ1 போதும் என்கிறது. நான் பி1 இல்லாமல் போகாதே என்பேன்.

பணத்தில் அக்காதான் தடுமாறினாள். "அஞ்சு ஏக்கரா தோட்டமிருக்குது, பத்திரத்தைக் காட்டுனா ஒத்துக்கமாட்டானா?" ஒத்துக்கொள்ள மாட்டான். கனடாவுக்கு 2025 கணக்கில் ஒரு ஆளுக்கு 15,263 கனடா டாலர், ஒன்பதரை லட்சத்துக்குப் பக்கம், ரொக்கமாகக் கணக்கில் இருக்க வேண்டும். ஆறு மாத சராசரி இருப்பையும் பேங்க் எழுதித் தரவேண்டும். கடன் வாங்கிக் காட்டக் கூடாது, நிலத்தின் மதிப்பும் சேராது. ஜெர்மனிக்கு 2025 கணக்கில் 13,092 யூரோ, ஏறத்தாழ 13 லட்சம். முடக்கக் கணக்கில் போட்டு வைத்தால், அது மாசம் 1,091 யூரோவாகத் திரும்ப நம் கைக்கே வரும் பணம். ஆஸ்திரேலியாவின் 189, 190 என்ற நிரந்தர விசாக்களுக்கு இருப்புக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் விசா கட்டணமே 2025 ஜூலை கணக்கில் 4,910 ஆஸ்திரேலிய டாலர். ஜெர்மனி கேட்பது 75 யூரோ.

இத்தனையும் சுலபம். நாங்கள் நிஜமாக மாட்டிக்கொண்டது ஒரு காகிதத்தில். பட்டறையில் சம்பளத்தில் பாதி பேங்கில், பாதி கவரில். பிஎஃப் இல்லை. அனுபவக் கடிதம் கேட்டதற்கு முதலாளி ரெண்டு வரி எழுதிக் கொடுத்தார்: இன்னார் இங்கே வேலை செய்கிறார், நல்ல பையன். கனடாவுக்கு அதில் என்னென்ன வேலை, வாரம் எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு எல்லாம் வேண்டும். ஆஸ்திரேலியாக்காரன் அதற்கு மேல் சம்பள ரசீது, வரிப் பதிவு என்று போவான். சம்பளத்தை முழுசாக எழுதச் சொன்னதும் முதலாளி முகம் மாறிவிட்டது. அவர் பயம் அவருக்கு. கடைசியில் பேங்கில் விழுந்த தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதுவே மேல், கணக்கோடு பொருந்தும். கன்சல்டன்சி சொன்னபடி வேறொரு கம்பெனி லெட்டர்பேடில் வாங்கியிருந்தால், பொய்ச் சான்று என்று பிடிபட்டு வருஷக்கணக்கில் கதவு மூடியிருக்கும்.

என் தீர்ப்பு: இவனுக்கு ஆஸ்திரேலியா முதலில், 33 ஆவதற்குள், 491-ஐயும் சேர்த்து. அந்த டிப்ளமோப் பையனுக்கு ஜெர்மனி, யோசிக்கவே வேண்டாம். கனடா, பிரெஞ்சு படிக்கத் தெம்பு இருக்கிறவர்களுக்கு.

இப்போது ரெண்டு பேரும் சாயங்காலம் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார்கள், இவன் துணைக்காம். ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பொறியாளர்களின் தகுதியை மதிப்பிடும் என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப வேண்டிய மூன்று பணிக் கட்டுரைகளை எழுதுகிறான், ஒவ்வொன்றும் ஆயிரம் சொல்லுக்குக் குறையாமல். இம்பெல்லர் ஃபிக்ஸ்சர் பற்றி ஒன்று முடிந்தது, ஸ்கிராப் குறைத்தது பற்றி ஒன்று முடிந்தது. "மூணாவதுக்கு எதைய எழுதறதுங்க மாமா?" என்று போன வாரமும் கேட்டான்.