வேலூரில் வீடு வீடாக ஸ்மோக் அலாரம் விற்க வருகிறார்கள், வாங்கி ஏமாறாதீர்கள்

சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர் பக்கம் கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு மூன்று பேராக வருகிறார்கள். "தீயணைப்புத் துறை உத்தரவு, எல்லா வீட்டிலும் ஸ்மோக் அலாரம் மாட்டியாகணும், இல்லேன்னா அபராதம்" என்கிறார்கள். தனி வீடுகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தீயணைப்புத் துறை ஆள் அனுப்பி எதையும் விற்பதும் இல்லை. பணம் கொடுத்தவர்களில் தனியாக இருக்கும் பெரியவர்களும், சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்கு அறை வாடகைக்கு விடுபவர்களும்தான் அதிகம். அந்த வீடுகளில் மாட்டியிருந்தவற்றைக் கழற்றிப் பார்த்தோம். புகையைக் கண்டு கத்தக்கூடியது ஒன்றுகூட இல்லை.

மாட்டியிருப்பது இரண்டு வகை. முதலாவது வெறும் கூடு. உள்ளே பேட்டரி, மினுக்கும் சிவப்பு விளக்கு, ஒரு பஸ்ஸர், அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் கீச்சென்று கத்தும், ஏனென்றால் பட்டனிலிருந்து பஸ்ஸருக்கு நேராக ஒயர் போகிறது. உண்மையான அலாரத்தில் நடுவே கறுப்புப் பிளாஸ்டிக் அறை ஒன்று இருக்கும், பூச்சி நுழையாமல் அதைச் சுற்றி வலை இருக்கும். உள்ளே போகும் புகையில் பட்டு ஒளி சிதறும்போது சென்சார் அதை உணரும். அந்த அறை இல்லையென்றால் அது பொம்மை.

இரண்டாவது வகையில் படித்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். கருவி அசல், பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரையும் உண்டு. ஆனால் அது ஓட்டல், மருத்துவமனைகளில் 24 வோல்ட் பேனல் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியோடு ஒயரில் இணைக்கும், புகையை உணரும் டிடெக்டர். பெரும்பாலும் அதற்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது, பேனல்தான் மணி அடிக்க வேண்டும். ஒயரே இல்லாமல் சீலிங்கில் திருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடே எரிந்தாலும் அது வாய் திறக்காது. வீட்டுக்குத் தேவை பேட்டரியும் சைரனும் உள்ளேயே இருக்கும் தனி அலாரம்.

மாட்டிய இடமும் தப்பு. அடுப்புக்கு நேர் மேலே மாட்டினால் உண்மையான அலாரம்கூடத் தினமும் தாளிப்புக்கு அலறும், நாலாம் நாள் வீட்டுக்காரரே பேட்டரியைப் பிடுங்கிவிடுவார். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒன்று, அறைகளுக்கு வெளியே நடையில் ஒன்று, சுவரிலிருந்து 30 செ.மீ. விட்டு சீலிங்கில் இருக்கட்டும். மின்விசிறி இறக்கையின் நுனியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும், காற்று புகையை விரட்டிவிடும். டபுள் சைடு டேப்பில் ஒட்டாதீர்கள், நம்மூர் வெயிலுக்குச் சுண்ணாம்போடு உரிந்து விழும். துளை போட்டுத் திருகுங்கள்.

"கேஸ் கசிஞ்சாலும் கத்தும்" என்பதும் பொய். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதற்கான கருவி வேறு, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்குள் மாட்ட வேண்டும். கசிவு என்று தெரிந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று ஊதுவத்தியைக் கருவிக்கு ஒரு சாண் கீழே பிடியுங்கள். புகை நன்றாக உள்ளே போயும் சத்தமே வரவில்லையென்றால் அதை நம்பித் தூங்காதீர்கள். நல்ல அலாரத்தின் சத்தம் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் இருக்கும், தூங்குபவரை எழுப்புவதற்கான அளவு அது. மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திப் பாருங்கள். விட்டு விட்டு ஒற்றைக் கீச்சுச் சத்தம் வந்தால் பேட்டரியை மாற்றுங்கள். பத்தாண்டு ஆனால் கருவியையே மாற்ற வேண்டும், அதனால் பின்பக்கம் தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருந்தால், அது உண்மையா என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம்.

இந்த விற்பனை நம்மை இவ்வளவு கொதிக்க வைக்கக் காரணம் உண்டு. 2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். தீக்கு முன்னால் புகை கொல்கிறது. வெளியேறும் ஒரே வழியில் வண்டியைச் சார்ஜ் போடாதீர்கள். கொசப்பேட்டை போலச் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் பக்கத்து வீட்டு அலாரம் கேட்டால் யார் 101-க்குப் பேசுவது, படுத்த படுக்கையாக இருப்பவரை யார் தூக்குவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

ஏமாந்தவர்கள் கருவியை எறிந்துவிடாதீர்கள். ரசீது, பணம் அனுப்பிய விவரம், பெட்டி, கருவி எல்லாம் சாட்சி. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அபராதம் என்று மிரட்டியிருந்தால் அதைக் காவல் நிலையத்தில் தனியாக எழுதிக் கொடுங்கள்.