சொல்லை எண்ணுவதா, திரும்ப அழைப்பதா? லிங்க், ஆன்கி, அட்டைப்பெட்டி: ஓர் ஒப்பீடு

கீழக்கரையில் அரபு எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிறு வயதில் மக்தப் என்னும் ஓதும் பள்ளியில் ஓதப் பழகியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தமிழையே அரபு எழுத்தில் எழுதிய அர்வி மரபும் இந்தக் கடற்கரையில் வேரூன்றியிருந்தது. ஆனால் வாசிக்கத் தெரிவது வேறு, பொருள் புரிவது வேறு. வளைகுடா வேலைக்குப் புறப்படும் இளைஞர், இகாமா (வசிப்பு அனுமதி), கபீல் (பொறுப்பேற்கும் முதலாளி) போன்ற சொற்களை வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்திருந்தாலும், ஒரு வேலை ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுப் பொருள் தெரியாமல் நிற்கிறார். எழுத்து கைவசம் இருக்கிறது, சொல் இல்லை. நானும் அந்த நிலையில் தொடங்கியவர்தான். கடந்த மூன்று ஆண்டுகளில் லிங்க் என்ற இணையத் தளம், ஆன்கி என்ற செயலி, காகித அட்டைப்பெட்டி ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் கண்டவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

சொல் கற்பிக்கும் எந்தக் கருவியிடமும் நாம் எதிர்பார்க்க வேண்டிய வேலைகள் இரண்டு. எந்தச் சொல்லைச் சந்தித்தோம், அது எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது ஒன்று. மறக்கத் தொடங்கும் வேளையில் அதைத் திரும்பக் கொண்டுவந்து கேட்பது மற்றொன்று. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885இல் வெளியிட்ட ஆய்விலிருந்தே, கற்ற முதல் சில மணி நேரத்தில் மறதி வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பது தெரிந்த செய்தி. ஆகவே திருப்புதலின் நேரம்தான் உயிர்நாடி. ஒரு கருவி கணக்கில் மட்டும் சிறந்து நேரத்தில் தவறினால், அது பேரேடாக இருக்குமே தவிர ஆசிரியராக இருக்காது.

கனடாவைச் சேர்ந்த ஸ்டீவ் காஃப்மன் தொடங்கிய லிங்க், வாசிப்பை மையமாகக் கொண்டது. ஒரு பாடத்தைத் திறந்தால், இதுவரை நாம் சந்திக்காத சொற்கள் நீல நிறத்திலும், பொருள் பார்த்துச் சேமித்த சொற்கள் மஞ்சள் நிறத்திலும் தெரிகின்றன. தெரிந்ததாகக் குறித்த சொல் நிறமிழந்து மற்ற வரிகளோடு கலந்துவிடுகிறது. சேமித்த சொல்லுக்கு ஒன்று முதல் நான்கு வரை நிலைகள் உண்டு. ஒரு சொல்லை எந்த வாக்கியத்தில் சந்தித்தோமோ அந்த வாக்கியத்தோடேயே அது சேமிக்கப்படுவது இதன் பெரிய பலம். செய்திக் குறிப்பையோ அறிவிப்பையோ நாமே உள்ளிட்டுப் பாடமாக்கிக் கொள்ளலாம் என்பதால், வேலைக்குத் தேவையான சொற்களை அவை வாழும் இடத்திலேயே பார்க்க முடிகிறது. பக்கம் பக்கமாக மஞ்சள் குறைவதைக் காண்பது உண்மையான ஊக்கம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அந்தத் தளம் காட்டும் ‘தெரிந்த சொற்கள்’ என்ற எண்ணிக்கையை, குறிப்பாக அரபுக்கு, அப்படியே நம்பக் கூடாது. அது சொல்லின் ஒவ்வொரு வடிவத்தையும் தனிச்சொல்லாக எண்ணுகிறது. அரபில் ‘அந்த’, ‘மற்றும்’, ‘கொண்டு’, ‘அவனுடைய’ என்ற பொருள் தரும் சிற்றொட்டுகள் சொல்லோடு ஒட்டியே எழுதப்படுவதால், கிதாப், அல்கிதாப், வல்கிதாப், பில்கிதாப், கிதாபுஹு என்று ஒரே நூல் ஐந்து சொற்களாகக் கணக்கில் ஏறுகிறது. போதாததற்கு, அமைப்பை மாற்றாவிட்டால், அடுத்த பக்கத்துக்குப் போகும்போது எஞ்சிய நீலச் சொற்கள் எல்லாம் தெரிந்தவையாகக் குறிக்கப்பட்டுவிடும். ஆயிரம் சொற்கள் தெரியும் என்று திரை காட்டிய நாளில், அவற்றில் பாதியை என்னால் தமிழிலிருந்து அரபுக்குச் சொல்ல முடியவில்லை. பார்த்தால் புரிவதும் வேண்டும்போது வாயில் வருவதும் ஒன்றல்ல என்பதை அந்த எண் மறைத்துவிடுகிறது.

டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ஆன்கி இதற்கு நேர்மாறானது. ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கே மனப்பாடம் என்று பொருள். இதில் பாடமும் இல்லை, வாசிப்பும் இல்லை. ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையுமாக நாம் எழுதிய அட்டை உரிய நாளில் நம் முன் வரும், அவ்வளவுதான். போலந்தைச் சேர்ந்த பியோத்ர் வோஸ்னியாக் 1987இல் வகுத்த கணக்கு முறையை அடிப்படையாகக் கொண்டு, சரியாகச் சொன்ன அட்டையை, முந்தைய இடைவெளியைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு இடைவெளியில் அது தள்ளி வைக்கிறது. 2023 முதல், நம் மறதியின் போக்கைக் கற்றுக்கொண்டு நாள் குறிக்கும் புதிய முறையும் இதில் உண்டு; எத்தனை சதவீதம் நினைவில் நிற்க வேண்டும் என்பதை நாமே அமைக்கலாம், மாற்றாவிட்டால் அது 90 சதவீதமாக இருக்கும். அட்டை எத்தனை முறை தவறியது, அடுத்து எந்த நாளில் வரும் என்ற முழு வரலாறும் கிடைப்பதால், இந்தக் கணக்கு நேர்மையானது.

அட்டையை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் ஆன்கியின் பலன் முழுவதும் அடங்கியிருக்கிறது. தமிழ் எழுத்தில் அரபை எழுதி வைப்பதே நம் பக்கத்தில் பலர் செய்யும் முதல் தவறு. இதயத்தைக் குறிக்கும் சொல்லும் நாயைக் குறிக்கும் சொல்லும் தமிழில் ‘கல்ப்’ என்றே வந்து நிற்கும்; அரபில் அவற்றின் முதலெழுத்துகள் வேறு, ஒலியும் வேறு. எனவே அட்டையில் உயிர்க்குறிகளோடு கூடிய அரபு எழுத்தும், இயன்றால் ஒலிப்பதிவும் இருக்க வேண்டும். அடுத்ததாக, பன்மையையும் அதே அட்டையில் எழுத வேண்டும். கிதாபின் பன்மை குதுப், வலதின் (பிள்ளை) பன்மை அவ்லாத், மக்தபின் பன்மை மகாத்திப். விகுதி சேர்த்து ஊகிக்க வழியில்லாததால் இவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரட்டை வேலையாகும். நமக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. பாக்கி, அசல், மகசூல், ஜாமீன், வக்கீல் எல்லாம் அரபு மூலத்திலிருந்து தமிழுக்கு வந்தவை என்பதால், பழகிய தமிழ்ச்சொல்லை அட்டையின் ஓரத்தில் குறித்தால் புதிய சொல் பற்றிக்கொள்கிறது. பொருள் திரிந்து வந்தவற்றில்தான் கவனம் வேண்டும்: நாம் சண்டைக்குச் சொல்லும் தகராறு, அரபில் தக்ரார், அதாவது திரும்பத் திரும்பச் செய்தல்.

ஆன்கியைக் கைவிட்டவர்களில் பெரும்பாலானோர் அட்டைச் சுமையால் கைவிட்டவர்கள். நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்று அது இயல்பாக வைத்திருக்கும் அளவை மாற்றாமல் விட்டால், சில வாரங்களில் தினசரித் திருப்புதல் நூற்றைத் தாண்டுகிறது. ஏர்வாடி சந்தனக்கூடு விழாவுக்கென்று நான்கு நாள் விட்டுவிட்டு வந்தால் குவியலைப் பார்த்தே மனம் சோர்கிறது. நாளொன்றுக்கு ஏழு புதிய அட்டைகளே போதும் என்பது என் முடிவு. மறந்துபோன சொல்லுக்கு ‘ஹார்ட்’ பொத்தானை அழுத்துவதும் பலர் செய்யும் பிழை. அது கடினப்பட்டு நினைவுகூர்ந்ததற்கான விடை. மறந்திருந்தால் ‘அகெய்ன்’ பொத்தானைத்தான் அழுத்த வேண்டும், இல்லையெனில் தெரியாத சொல் தெரிந்ததாகக் கருதப்பட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய அட்டைப்பெட்டி முறை இதே கருத்தின் காகித வடிவம். தொதல் என்ற இனிப்பு வந்த ஒரு பெட்டியில் ஐந்து தடுப்புகள் வைத்தால் போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தவறியது முதல் தடுப்புக்குத் திரும்பும். முதலாவதைத் தினமும், பின்னுள்ளவற்றை நாள் கடத்தியும் பார்க்க வேண்டும். கையால் எழுதுவதால் எழுத்துப் பழக்கமும் வருகிறது. முந்நூறு சொற்கள் வரை இதைவிட எளிய வழியை நான் காணவில்லை. அதற்கு மேல் பெட்டி கைக்கு அடங்குவதில்லை, ஒலியும் கிடையாது.

டுவோலிங்கோ என்ற மொழிப்பயிற்சிச் செயலியைப் பற்றிப் பலர் கேட்பார்கள் என்பதால் ஒரு சொல். எந்தச் சொல் எப்போது வரும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது, அரபுப் பாடமும் ஆங்கிலம் வழியாகவே வருகிறது. எழுத்துப் பழக்கமே இல்லாத ஒருவர் முதல் சில வாரங்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

மண்டபத்திலிருந்தோ பாம்பனிலிருந்தோ கடலுக்குப் போகிறவருக்கு அலைவரிசையும் ஒரு கேள்வி. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கான ஆன்கிடிராய்டு இலவசமானது. அட்டைகள் கைப்பேசியிலேயே இருப்பதால் சிக்னல் இல்லாத இடத்திலும் திருப்பிப் பார்த்துவிட்டு, கரைக்கு வந்த பின் ஒத்திசைக்கலாம். ஐபோனில் மட்டும் ஒருமுறை விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. லிங்க் தளமோ பெரும்பாலும் இணையத்தை நம்பியது. இலவசக் கணக்கில் சேமிக்க அனுமதிக்கும் சொற்கள் மிகக் குறைவு என்பதால், கட்டணம் கட்ட மனமில்லாதவர் அதில் நெடுநாள் தங்க முடியாது.

என் கையில் இன்று லிங்க் வாசிப்புக்கும் ஆன்கி திருப்புதலுக்கும் என்று பிரிந்து நிற்கின்றன. லிங்கில் மஞ்சளாகக் கிடக்கும் பட்டியலை வாரம் ஒருமுறை பார்த்து, இரண்டு வெவ்வேறு பாடங்களில் எதிர்ப்பட்ட சொற்களை மட்டும், அவை வந்த வாக்கியத்தோடு ஆன்கிக்கு எடுத்துச் செல்கிறேன். மொத்தப் பட்டியலையும் ஏற்றுமதி செய்ய வழி இருந்தாலும், ஒவ்வொன்றாகக் கையால் தட்டச்சு செய்கிறேன். உயிர்க்குறி இட்டு எழுதும் அந்த அரை நிமிடத்திலேயே பல சொற்கள் நினைவில் இடம் பிடித்துவிடுகின்றன. பயணத்துக்கு ஒரு மாதமே எஞ்சியிருப்பதாகச் சொல்லி என்னிடம் வருகிறவர்களுக்கு மட்டும் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, பெட்டியையும் இருநூறு வெற்று அட்டைகளையும் கொடுக்கிறேன்.